லிண்டன்பாக் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட்

ஜூலை 11, செவ்வாய்

கழகத்தில் எல்லா ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு நாட்குறிப்புப் புத்தகம் கொடுத்தார்கள். நீல மட்டை. பொன்னெழுத்தில் ‘ஐரோப்பாவில் ஹெஸ்ட்விக்’ என்று அச்சடித்திருக்கிறது. போன வருடம் எங்கள் பையன்கள் எப்படியோ நோர்வேயின் கிண்ணத்தை வென்றுவிட்டார்கள். அதன் பலனாக இந்த வருடம் ஐரோப்பியக் கழகங்களுக்கான சுற்றுப்போட்டியில் விளையாடலாமாம். மூன்று சுற்றுப்போட்டிகளில் கடைசித் தரமானதுதான். ஆனாலும் பன்னிரண்டாயிரம் பேர் உள்ள இந்த மீன்பிடி ஊரில் இரண்டு கிழமையாக ஒருவரும் வேறு கதை கதைக்கவில்லை.

புத்தகத்தை வீணாக்க மனம் வரவில்லை, எழுதுகிறேன். பெயர் புஸ்பராணி. வயது ஐம்பத்தாறு. பதினேழு வருடம் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன், பதினொரு வருடமாகக் கழகத்தின் சலவை அறையில் இருக்கிறேன். ஒரு கிழமைக்கு நானூறு உடுப்புக்குக் குறையாது. என் மேலாள் ஓட்வார், வயது அறுபத்திரண்டு. ஜேர்சி, சப்பாத்து, பந்து எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு நாளில் பத்துச் சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அதனால் எங்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

இவர், என் கணவர் தில்லைநாதன், ஊர் பஸ் ஓட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் தன் கிராமத்து அணிக்கு இடதுபக்க முன்னணியில் விளையாடியவர். அதைப் பற்றி நான் இனி எழுதத் தேவையில்லை, அவர் தானே எல்லோருக்கும் சொல்லிக்கொள்வார்.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை. உடுப்பைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

ஜூலை 18, செவ்வாய்

எங்கள் ஜேர்சி கடுநீலம். எதிரணியும் நீலமாக இருந்தால் மாற்றிப் போட வேறு நிறம் ஒன்று பதிந்து வைக்கவேண்டும் என்பது ஐரோப்பாச் சட்டமாம். ஆகவே வெள்ளையில் புதிதாக இருபத்தாறு ஜேர்சி வந்து இறங்கியது. முதல் ஆட்டம் வேல்ஸ் நாட்டில். அவர்களும் நீலம்.

பிரித்து எண்ணி எல்லாவற்றையும் ஆயத்தமாக்கினேன். நல்ல துணி.

ஜூலை 19, புதன்

ஒரு பிசகு நடந்துவிட்டது. யாருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 20, வியாழன்

சொல்லிவிட்டேன். நடந்தது இதுதான். புது உடுப்பு எடுத்தால் ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் உடுத்தியதில்லை. பதினொரு வருடமாக ஒவ்வொரு பருவத்தின் புது ஜேர்சிக்கும் வைத்துத்தான் வந்திருக்கிறேன். கீழ் மடிப்பின் உள்பக்கம் ஒரு பொட்டு. கடுநீலத்தில் யாருக்குத் தெரியும்? செவ்வாய்க்கிழமை கை தன் பாட்டில் இருபத்தாறு வெள்ளைக்கும் வைத்துவிட்டது. மெல்லிய துணி, மஞ்சள் வெளியே தெரிந்தது. நேற்று ஓட்வார் வருவதற்குள் துவைத்துவிடலாம் என்று இயந்திரத்தில் போட்டேன். சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று ஆறு வயதிலேயே தெரிந்த நான், பதற்றத்தில் அதையும் மறந்தேன். எடுத்துப் பார்த்தால் இருபத்தாறு ஜேர்சியிலும் இரத்தச் சிவப்பில் ஒவ்வொரு பொட்டு.

இரவெல்லாம் நித்திரை இல்லை. காலையில் ஓட்வாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு ஜேர்சியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நீலத்திலும் வைத்திருக்கிறாயா?”

“வைத்திருக்கிறேன்.”

“எல்லா வருடமும்?”

“எல்லா வருடமும்.”

“கோல் காப்பாளருக்கும்?”

“அவருக்கும்தான்.”

ஜேர்சியை மடித்து வைத்தார். “அவனுக்கு இன்னும் கொஞ்சம் கூட வைத்திருக்கலாம்” என்றார்.

வினாகிரித் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். சிவப்பு மறுபடி மஞ்சளானது. இனி வெயில்தான் மருந்து. நல்லகாலம், இங்கே ஜூலையில் சூரியன் மறைவதே இல்லை. மைதானத்துக்குப் பின்னால் மீன் காய வைக்கும் மரச்சட்டங்களில் கயிறு கட்டி எல்லாவற்றையும் விரித்துவிட்டோம்.

ஜூலை 22, சனி

இரண்டு நாள் வெயிலில் பொட்டு இருந்த இடமே தெரியவில்லை. ஊர்ச் சனம் வந்து கொடியில் தொங்கும் ஜேர்சிகளோடு நின்று படம் எடுக்கிறது. கழகம் விளம்பரத்துக்காகத் தொங்கவிட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். ஓட்வார் வாயே திறக்கவில்லை. அந்த மனிதருக்கு ஆயுள் முழுக்க மீன் கட்லட் செய்து கொடுக்கலாம்.

ஜூலை 29, சனி

வேல்ஸில் இருந்து பெட்டிகள் வந்தன. வெள்ளையில் பச்சைப் புல் கறை. இங்கே செயற்கைப் புல், கறுப்பு றப்பர் குருணிதான் கொட்டும். உண்மையான புல்லைக் கண்டு எத்தனை காலம். கோல் காப்பாளரின் காற்சட்டை சுத்தமாக இருந்தது, அவருக்கு வேலையே இருந்திருக்காது. வென்றிருக்கிறோம் என்று நினைத்தேன். இவரைக் கேட்டால், மூன்றுக்குச் சைபராம்.

ஆகஸ்ட் 31, வியாழன்

தகுதிச் சுற்று எல்லாம் தாண்டிப் பிரிவு ஆட்டங்களுக்குள் போய்விட்டோம். ஒரு பிரிவில் நாலு அணி. ஒவ்வொரு அணியோடும் சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று. இவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பயணிகளோடு சேர்ந்து ஆடியிருக்கிறார். மேலிடத்தில் இருந்து கடிதம் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் வரட்டும்.

செப்டம்பர் 1, வெள்ளி

இன்று சீட்டுக் குலுக்கினார்கள். எங்கள் பிரிவில் ஒரு துருக்கி அணி, ஒரு செக் அணி, சுவிஸில் இருந்து லிண்டன்பாக்.

இவர் சலவை அறைக்கே தேடி வந்துவிட்டார்.

“இஞ்சாரும், கேட்டீரே? லிண்டன்பாக் வந்திருக்கு.”

“அதுக்கு எனக்கென்ன?” என்றேன்.

இன்று துவைத்தது: மேலுடுப்பு நாற்பத்தொன்று, காற்சட்டை முப்பத்தெட்டு, காலுறை எழுபத்தாறு, துவாய் அறுபது.

செப்டம்பர் 3, ஞாயிறு

எழுதிவைத்தால் எழுத்தோடு போகட்டும். லிண்டன்பாக்கில் என் தங்கை வதனி இருக்கிறாள். என்னைவிட எட்டு வயது இளையவள். அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். பதினாலு வருடமாக அவள் என்னோடு கதைப்பதில்லை. தவறு என்னுடையது. அல்லது தவறு என்று அவள் நினைப்பது என்னுடையது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நீண்டகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசி ஆட்டம் டிசம்பர் 14, அவர்கள் ஊரில். வெளியூர் ஆட்டத்துக்கு ஓட்வார்தான் போவார். சலவை அறை எங்கும் போவதில்லை. அதனால் இதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். நன்றாக வந்தது.

செப்டம்பர் 23, சனி

துருக்கியில் நாலுக்குச் சைபர், தோல்வி. கோல் காப்பாளரின் உடுப்பை மூன்று தரம் அலசினேன். பாவம்.

ஒக்டோபர் 5, வியாழன்

லிண்டன்பாக் இங்கே வந்தது. ஒன்றுக்கு ஒன்று.

காலையில் அவர்கள் பயிற்சி செய்தபோது நல்ல மழை. அவர்களின் உடுப்புப் பொறுப்பாளர் நனைந்த உடுப்புப் பையோடு என் வாசலில் வந்து நின்று, உலர்த்தித் தர முடியுமா என்று கேட்டார். எதிரணியாக இருந்தால் என்ன, ஈர உடுப்பைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. நாற்பது துண்டு. உலர்த்தி மடிக்கும்போது வேறு சவர்க்காரத்தின் வாசம் வந்தது. இது அந்த ஊர்த் தண்ணீரில் துவைத்த துணி. வதனியும் அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறாள், குளிக்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் பையன்களுக்கு மடிப்பதைவிட நன்றாக மடித்துக் கொடுத்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். அம்மா என்னோடு இங்கேதான் இருந்தா. பதினாலு வருடத்துக்கு முன், மார்ச் மாதம், ஒரு காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டா. வதனி அப்போது சுவிஸில் எட்டு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறியவள். கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மாவின் செல்லம் அவள். செய்தி கேட்டால் தாங்கமாட்டாள். பிள்ளை பிறக்கும்வரை சொல்லக்கூடாது என்று நான்தான் முடிவெடுத்தேன். அவள் கணவருக்கும் நான்தான் கட்டளை போட்டேன். எங்கள் ஆட்களில் இது புதிதல்ல, எத்தனையோ வீட்டில் செய்வதுதான்.

ஆனால் படுக்கையில் கிடந்தவள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தாள். அம்மாவிடம் குடு என்பாள். அம்மா நித்திரை என்பேன். குளிக்கிறா என்பேன். பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா என்பேன். தொண்டை கட்டிப்போச்சு, கதைக்க ஏலாது என்பேன். கொள்ளி வைத்துவிட்டு வந்த அன்றைக்கும் சொன்னேன். இருபத்திரண்டு நாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பெண். அடுத்த நாள் அவளுக்குச் சொன்னார்கள். அன்றோடு அவள் என்னோடு கதைப்பதை விட்டாள்.

ஒக்டோபர் 6, வெள்ளி

எழுதியதைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். நல்ல தாள், விட்டுவிட்டேன்.

ஒக்டோபர் 26, வியாழன்

செக் அணியை இரண்டுக்கு ஒன்று வென்றோம். ஐரோப்பாவில் பிரிவு ஆட்டத்தில் எங்கள் முதல் வெற்றி. பையன்கள் ஜேர்சியோடு துறைமுகத் தண்ணீரில் குதித்துவிட்டார்கள். இருபத்திரண்டு ஜேர்சியிலும் உப்பு, மீன் வாசம், ஒன்றில் கடற்பாசி. என் வாய்க்கு வந்தபடி தமிழில் ஏசினேன். அணித்தலைவன் எய்ரிக் சிரித்துக்கொண்டே நின்று கேட்டுவிட்டு நன்றி என்றான். இந்தப் பிள்ளைகளைக் கோபிக்கவும் முடியவில்லை. நல்ல நாள்.

நவம்பர் 14, செவ்வாய்

ஓட்வார் கழக வாசலிலேயே பனியில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஆறு கிழமைக்குக் கட்டு. பின்னேரம் கட்டுப்போட்ட கையோடு வந்து கதிரையில் இருந்தார்.

“டிசம்பரில் சுவிஸுக்கு நீ போ” என்றார்.

“என்னால் முடியாது.”

“பெட்டி எட்டு. ஜேர்சி ஒழுங்கு உனக்குத் தெரியும். மஞ்சளும் உனக்குத்தான் தெரியும்.”

அவர் பகிடி விட்டதை நான் இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன். ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன்.

நவம்பர் 16, வியாழன்

இவர் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறார். சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

“நீர் போம். நான் வீட்டைப் பாக்கிறன்.”

“வீட்டில பாக்க என்ன கிடக்கு?”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

“போய் அவள் கதவைச் சாத்தினால்?”

“சாத்தினால் சாத்தட்டும். பதினாலு வருசமாச் சாத்தித்தானே கிடக்கு.”

நான் எழும்பிப் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். எனக்கு ஏன் பயம் என்று அவருக்கு முழுதாகத் தெரியாது. ஒருவருக்கும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

அம்மா இறந்து ஒன்பதாம் நாள் வதனி போன் எடுத்து, பிள்ளைக்குப் பேர் என்ன வைக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லு என்றாள். பேரன் பேத்திக்கு அம்மாதான் பேர் வைப்பா என்பது எங்கள் வீட்டில் பேசி முடித்த விஷயம். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தேன். அடுத்த நாள் மறுபடி எடுத்தாள். அம்மா என்ன சொன்னவ? நான் குசினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். பெண் பிள்ளை என்றால் இனியா என்று வைக்கட்டாம்.

அந்தப் பெயரைத்தான் வைத்தாள். மற்றப் பொய் எல்லாம் அந்தந்த நாளோடு போய்விட்டது. இது மட்டும் அந்தப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் போகிறது, வளர்கிறது. அம்மா வைத்த பேர் என்று வதனி நினைத்துக்கொண்டிருக்கிறாளா, அல்லது நாளைக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைக் கண்டால் முதல் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.

நவம்பர் 17, வெள்ளி

போகிறேன் என்று ஓட்வாரிடம் சொல்லிவிட்டேன். அவரால் இடது கையால் காலுறை மடிக்க முடியவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ஊழியருக்கு விருந்தாளிகளுக்கென்று இரண்டு டிக்கெட் கொடுப்பார்களாம். லிண்டன்பாக் மைதானம், கிழக்குப் பக்கம், பதினோராம் வரிசை, ஐந்தாம் ஆறாம் இருக்கை.

பின்னேரம் முழுக்க ஒரு கடிதம் எழுதப் பார்த்தேன். அன்புள்ள வதனிக்கு. அதற்குமேல் பேனை போகவில்லை. கடைசியில் வெறும் தாளில் இரண்டு டிக்கெட்டையும் மடித்து வைத்து, கீழே ‘அக்கா’ என்று மட்டும் எழுதினேன்.

“அவையின்ர முகவரி எங்கை எடுக்கிறது?” என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

இவர் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தாமல் வீதி, வீட்டு இலக்கம், தபால் இலக்கம் எல்லாம் கடகடவென்று சொன்னார். மாசி மாதத்தில் ஒவ்வொரு வருடமும் இவர் தபால் கந்தோருக்கு ஒரு சின்னப் பார்சலோடு போவது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. பிள்ளையின் பிறந்தநாள் மார்ச் கடைசியில் வரும்.

நவம்பர் 30, வியாழன்

துருக்கி அணியோடு இங்கே சைபருக்குச் சைபர். அடுத்த சுற்றுக்குப் போக வழியில்லையாம். இவர் சோறு பாதியில் எழும்பிவிட்டார். பிறகு பசிக்குது என்று வந்து மீதியைச் சாப்பிட்டார்.

கடிதத்துக்குப் பதில் இல்லை.

டிசம்பர் 8, வெள்ளி

பதில் இல்லை. சூரியனும் இப்போது வருவதில்லை, மத்தியானம் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும், அவ்வளவுதான். எனக்கு இந்தக் காலம் பிடிக்கும். சலவை அறையில் இயந்திரம் ஆறும் ஓடும்போது கதகதப்பாக இருக்கும். ஓட்வார் வந்து பேசாமல் இருந்து கோப்பி குடிக்கிறார். பெட்டி எட்டிலும் எது எங்கே என்று அட்டை எழுதி ஒட்டிவிட்டேன்.

டிசம்பர் 13, புதன்

லிண்டன்பாக். கழகத்தோடு விமானத்தில் வருவது முதல் தடவை. எய்ரிக் எனக்கு ஜன்னல் இருக்கை தந்தான். கோல் காப்பாளர் தன் இனிப்பைப் பாதி தந்தார். நான் என்னமோ பள்ளிக்கூடச் சுற்றுலா போகிறவள் மாதிரி வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன்.

சின்ன ஊர், நடுவில் ஆறு ஒன்று. விடுதியில் இருந்து வதனியின் வீதிக்கு இருபது நிமிட நடை என்று வரவேற்பில் இருந்த பெண் வரைபடத்தில் காட்டினாள். நடக்கவில்லை. நாளைக்கு ஜேர்சி மடிக்கவேண்டும் என்று எனக்கே சொல்லிவிட்டுப் படுத்தேன்.

டிசம்பர் 15, வெள்ளி, விமானத்தில்

நேற்றையதை ஒழுங்காக எழுதிவிடவேண்டும்.

பின்னேரம் ஆறே முக்காலுக்கு ஆட்டம் தொடங்கியது. உடுப்பு அறையில் இருந்து மைதானத்துக்குப் போகும் வழியின் வாயில் நின்றால் கிழக்குப் பக்கம் நேரே தெரியும். பதினோராம் வரிசையைக் கண்டுபிடித்தேன். ஐந்தும் ஆறும் வெறுமையாக இருந்தன. சுற்றி எல்லா இருக்கையிலும் ஆட்கள், அந்த இரண்டு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி.

பாதி ஆட்டம் முடிந்தது. பையன்கள் நனைந்த ஜேர்சிகளைக் கழற்றி எறிந்தார்கள். பொறுக்கினேன், உலர்ந்ததைக் கொடுத்தேன், காலுறை கிழிந்த ஒருவனுக்கு வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கை வேலை செய்தது. வராமல் விட்டதும் நல்லதுதான் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. என் தங்கை வரவில்லை. எனக்கு அழவேண்டும்போல் இருந்தது. அழுவதற்கு நேரமில்லை.

இரண்டாம் பாதியில் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிவிட்டு மறுபடி வாசலுக்கு வந்தேன். பதினோராம் வரிசையில் ஆள் இருந்தது. சாம்பல் நிறக் குளிர்ச்சட்டையில் ஒரு பெண், தலையில் நரை. பக்கத்தில் அவளைவிட உயரமாக ஒரு பிள்ளை. பிள்ளை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெண் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கை காட்டவில்லை. அவளும் காட்டவில்லை. ஆட்டம் முடியும்வரை அப்படியே நின்றேன். இரண்டுக்கு இரண்டு என்று பிறகு சொன்னார்கள்.

பெட்டிகளை பஸ்ஸுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு நின்றபோது வேலிப் பக்கமாக இரண்டு பேரும் வந்தார்கள். காவலாளியிடம் நான்தான் சொன்னேன், என் ஆட்கள், விடு என்று.

“வேலையால வர நேரமாப் போச்சு” என்றாள் வதனி. பதினாலு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“பரவாயில்லை. முதல் பாதியில ஒண்டும் நடக்கேல்லை.”

“ரெண்டு கோல் அடிச்சவை எண்டு வெளியில கத்திக் கேட்டுது.”

“நான் பாக்கேல்லை.”

“மெலிஞ்சு போனாய், அக்கா.”

“நீ மெலியேல்லை” என்றேன். அவள் உதடு ஒரு பக்கம் கோணியது. சின்ன வயதில் சிரிப்பை அடக்கும்போது அப்படித்தான் கோணும்.

பிள்ளை முன்னால் வந்து, “வணக்கம், பெரியம்மா” என்றது. வீட்டில் சொல்லிக் கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறாள். அப்படியே அம்மாவின் நெற்றி. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, ஒண்டு கேக்கவேணும்” என்றாள் வதனி. “உண்மையைச் சொல்லு. இவளின்ர பேர் அம்மா சொன்னதோ?”

எனக்குத் தெரியும், இதுதான் வரும் என்று. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளைக்குத் தன் அம்மம்மா வைத்த பேர் என்று ஒரு சந்தோஷம் இருக்கும். வதனிக்கும் மனம் ஆறும். எல்லோருக்கும் நல்லது. முன்பும் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லை” என்றேன். “நான் சொன்னது. அம்மா செத்துப் பத்தாம் நாள். நீ போனில கேட்டாய், என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. வாயில வந்ததைச் சொன்னன். பிழை என்னிலதான், வதனி. எல்லாம் என்ர பிழை.”

பையன்கள் ஒவ்வொருவராக எங்களைத் தாண்டி பஸ்ஸில் ஏறினார்கள்.

“தெரியும்” என்றாள்.

“எப்ப தெரியும்?”

“ஆசுப்பத்திரியில வச்சே. அம்மா போனதைச் சொன்ன உடனே நாளை எண்ணிப் பாத்தன். அதோட, அம்மா எண்டால் ஏதாவது ஈஸ்வரி எண்டுதான் வச்சிருப்பா. இனியா எண்டு அவவின்ர வாயில வருமே?”

“அப்ப பேர் பதியிறதுக்கு முன்னமே தெரியுமே. ஏன் மாத்தேல்லை?”

“என்ர மனுசன் மாத்துவம் எண்டுதான் சொன்னவர். நான் விடேல்லை.” அவள் பிள்ளையின் கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. “அம்மா இல்லை எண்டு ஆச்சு. உன்னோடயும் இனிக் கதைக்கிறேல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன். என்ர வீட்டு ஆள் ஒராள் வச்ச பேராவது கிடக்கட்டும் எண்டு விட்டன்.”

பதினாலு வருடமாக நான் வைத்த பேரைத் தெரிந்தேதான் ஒவ்வொரு நாளும் கூப்பிட்டிருக்கிறாள். சாப்பிட வா என்று, எழும்பு என்று, படி என்று.

“எல்லாம் தெரிஞ்சால் இப்ப ஏன் கேட்டனி?”

“நீ இன்னும் பொய் சொல்லுவியோ எண்டு பாக்கத்தான்.”

பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சுவிஸ் இழுவையோடு மெதுவாகச் சொல் சொல்லாகக் கோர்த்துச் சொன்னது: “பெரியம்மா, நல்ல பேர். என்ர பள்ளிக்கூடத்தில வேற ஒராளுக்கும் இல்லை.”

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அணி முழுக்க ஜன்னலால் பார்த்துக்கொண்டிருக்க, உடுப்புப் பெட்டிக்கு மேல் குந்தி இருந்து அழுதேன். வதனியும் பக்கத்தில் வந்து இருந்தாள். பஸ் இருபது நிமிடம் பிந்தித்தான் புறப்பட்டது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.